ஹெர்ட் என்றால் மந்தை

கொரோனா இரண்டாம் முறை வந்து எல்லோரையும் வீட்டுக்குள் அடைத்துப் போட்டிருந்தபோது என் பேத்தி எங்கள் திருச்சி வீட்டு மாடியில் உட்கார்ந்துதான் வேலை பார்த்தாள். ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் எழுதித் தருகிற வேலை. ஒரு நாள் காலை மடிக்கணினியைக் கையில் ஏந்தியபடியே இறங்கி வந்தாள்.

"தாத்தா, ஹெர்ட் இம்யூனிட்டிக்குத் தமிழ்ல என்ன போடலாம்? மந்தை எதிர்ப்பாற்றல்னு போட்டேன். ஜனங்களை மாடுங்கிறியான்னு ஒரே திட்டு."

என் மகன் அப்போதுதான் கூடத்தைப் பினாயில் ஊற்றித் துடைத்திருந்தான். தரை ஈரம் காயவில்லை. அந்த வாடையும் அந்தச் சொல்லும் ஒரே நேரத்தில் வந்ததை என்னால் தாங்க முடியவில்லை. "எனக்குத் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். ஓர் ஆங்கிலச் சொல்லுக்குத் தாத்தாவுக்குத் தமிழ் தெரியாது என்பது எங்கள் வீட்டில் அதற்குமுன் நடந்ததில்லை. காப்பி சூடாக இருக்கிறதா என்று கேட்டால்கூட 'வார்ம்' வேறு, 'ஹாட்' வேறு என்று ஆரம்பிக்கிற ஆள் நான். வீட்டில் உள்ளவர்கள் இதற்காகவே என்னிடம் காப்பியைப் பற்றிக் கேட்பதில்லை.

அந்தச் சொல்லை நான் கற்றது புதுக்கோட்டையில். சமஸ்தானம் போய் இந்தியாவோடு சேர்ந்த வருஷம். நான் ஃபோர்த் ஃபாரம், இப்போதைய ஒன்பதாம் வகுப்பு. எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் விலங்குக் கூட்டங்களின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கச் சொல்வார். சிங்கத்துக்கு ப்ரைடு, ஓநாய்க்குப் பேக், ஆட்டுக்கு ஃப்ளாக், மீனுக்கு ஷோல், மாட்டுக்கு ஹெர்ட். நான் ஒரு தடவைகூடத் தடுமாறியதில்லை. புதுக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் சிங்கமும் ஓநாயும் கிடையாது என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. "ஹெர்ட் இஸ்-ஸா, ஹெர்ட் ஆர்-ஆ சார்?" என்று ஒருவன் கேட்டான். "எல்லாம் ஒண்ணா ஒரே பக்கம் போனா இஸ். அது அது இஷ்டத்துக்குப் போனா ஆர்" என்றார் வாத்தியார். எவ்வளவு நேர்த்தியான பாஷை என்று நான் மயங்கிப்போனேன்.

இப்போது யோசித்தால் தோன்றுகிறது. ஆங்கிலத்துக்காரன் அது எந்த விலங்கு என்று பார்த்துக் கூட்டத்துக்குப் பெயர் வைக்கிறான். நம் ஆட்கள் அது எங்கே நிற்கிறது, என்ன செய்கிறது என்று பார்த்து வைக்கிறார்கள். எருவுக்காக ராத்திரி வயலில் அடைத்தால் அது கிடை. வேலிக்குள் அடைத்தால் பட்டி. காலையில் ஒன்றுசேர்ந்து மேயப் போனால் மந்தை. அவை ஒன்றுசேர்கிற பொட்டலுக்கும் மந்தை என்றே பெயர். ஊர்க்கூட்டம் நடப்பதும், பஞ்சாயத்து நடப்பதும், ஒருத்தர் மானம் போவதும் அந்த மந்தையில்தான். இந்த அழகையெல்லாம் நான் எண்பது வயதுக்குமேல் கண்டுபிடித்தேன். இருபத்துச் சொச்சம் வயதில் எனக்குத் தெரிந்தது டிக்‌ஷனரி மட்டும். அதில் 'ஹெர்ட்' என்பதற்கு நேரே 'மந்தை' என்று போட்டிருந்தது.

இன்டர்மீடியட் முடித்துச் சில வருஷம் கழித்து, சர்க்கார் திட்டங்களை ஊர் ஊராகக் கொண்டுபோகிற கிராமசேவக் வேலை கிடைத்தது. ஐம்பதுகளின் பிற்பாதி. ஏழெட்டு ஊருக்கு ஓர் ஆள், அவருக்கு ஒரு சைக்கிள். பின்னால் உரச் சாக்கோ விதை மூட்டையோ இருக்கும். அன்னவாசலுக்கு மேற்கே ஓர் ஊரில் அறை எடுத்துத் தங்கினேன். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே இருப்பவர்கள் என்னால் ஏற்கெனவே பட்டது போதும். 'கிராமசேவக்' என்பது ஊர் வாய்க்குள் நுழையவில்லை. 'சேவு சார்' என்று சுருக்கிவிட்டார்கள். சைக்கிள் மணி கேட்டால் பிள்ளைகள் "காராச்சேவு வருதுடோய்" என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கூடச் சேர்ந்து சிரித்திருந்தால் அந்த ஊரில் நான் வேறு மாதிரி ஆளாக இருந்திருக்கலாம்.

ஊருக்குக் கிழக்கே கண்மாயை ஒட்டி இருந்தது மந்தை. காலையில் வீட்டுக்காரர்கள் மாடுகளை அங்கே கொண்டுவந்து விடுவார்கள். மேய்ப்பவர் ஓட்டிப்போவார். அப்படிப் போகிறவை மட்டும்தான் மந்தை மாடு: பால் வற்றிய பசு, இன்னும் ஈனாத கிடேரி, கன்றுகள், கிழட்டு மாடுகள். ஏர் மாடும் வண்டி மாடும் கறவையும் அங்கே போகாது. அவற்றுக்கு வீட்டிலேயே வைக்கோலும் தண்ணீரும். அவை கட்டுத்தறி மாடு. இந்த வித்தியாசம் அந்த ஊரில் நடக்கத் தெரிந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஊர் வழக்கம் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

அந்த வருஷம் மழை சரியான சமயத்தில் பெய்தது. ஏர் பூட்டுகிற நேரம். அப்போதுதான் விராலிமலைப் பக்கம் வெக்கை வந்துவிட்டது என்று சந்தையில் பேச்சு எழுந்தது. வெக்கை என்பது மாட்டுக்கு வருகிற கொள்ளைநோய். முதலில் காய்ச்சல். அப்புறம் கண்ணிலும் மூக்கிலும் ஒழுகும். வாய் புண்ணாகும். கழிச்சல் பிடிக்கும். ஒரு வாரம், பத்து நாளில் மாடு கீழே விழும். ஒரு கொட்டிலில் புகுந்தால் தெருவையே துடைத்துவிட்டுத்தான் போகும். சந்தையிலிருந்து திரும்பி வந்தவர்கள் அதன் பெயரைச் சொல்லாமல் "அது வந்துருக்காம்" என்றுதான் பேசினார்கள். இரண்டு ஊர் தள்ளிக் கழுகுகள் வட்டமிடுவது கண்மாய்க் கரையில் நின்றால் தெரிந்தது. மேற்கே பார்த்துக்கொண்டே வேலை செய்தார்கள்.

எங்கள் ஆபீசுக்கு ஆங்கிலத்தில் சுற்றறிக்கை வந்தது. மாட்டு டாக்டர் மருந்தோடு வருவார்; 'எண்டயர் ஹெர்ட் ஆஃப் தி வில்லேஜ்' தடுப்பூசிக்குக் கொண்டுவரப்பட வேண்டும். கிராமத்தின் மொத்த மாடும் என்று அர்த்தம். எழுதியவர் அதைத்தான் சொல்ல நினைத்தார். நான் 'ஹெர்ட்' என்ற சொல்லில் நின்றேன். மாடு என்று சொல்ல வேண்டுமானால் 'கேட்டில்' என்று போட்டிருப்பார்கள். ஹெர்ட் என்று போட்டிருக்கிறார்கள் என்றால் மந்தையைத்தான் சொல்கிறார்கள். கூட்டமாக மேய்கிற மாடுதானே ஒன்றுக்கொன்று நோயைக் கொடுக்கும், சர்க்கார் யோசித்துத்தான் எழுதியிருக்கிறது என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன். 'மந்தை மாடுகள் அனைத்தும்' என்று தமிழில் எழுதி, அந்தச் சொல் அவ்வளவு பொருத்தமாக விழுந்ததில் சந்தோஷப்பட்டு, தண்டோரா போடுகிறவரிடம் கொடுத்தேன்.

"நாளான்னைக்குக் காலையில மந்தை மாட்டுக்கெல்லாம் சர்க்கார் ஊசி போடுறாங்க சாமியோவ்."

ஊர் அதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஊசி போட்ட மாட்டுக்குக் காய்ச்சல் வரும், கொஞ்ச நாள் ஏரிலும் வண்டியிலும் பூட்டக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஏர் மாட்டுக்கு இல்லையென்றால் உழவு நிற்காது. ஒருத்தரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை.

ஒருவர் கேட்டார். அவர் பெயர் அடைக்கலம். வண்டிக்காரர். ஊரில் கடலை மூட்டை ஏற்றிப் புதுக்கோட்டைச் செக்குகளுக்குக் கொண்டுபோய் இறக்குவார். அவருக்கு இரண்டு காளைகள், ஒன்று சிவப்பு நிறச் செவலை, ஒன்று சாம்பல் நிற மயிலை. ஒரு கறவைப் பசுவும் அதன் கிடேரியும் உண்டு. செவலை அவர் மனைவி வள்ளிக்கண்ணு கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டிலிருந்து கன்றாகக் கூடவே வந்தது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் காளையைப் பற்றி வள்ளிக்கண்ணு பேசினால், யாரோ பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிற பையனைப் பற்றிப் பேசுகிறாள் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள்.

ஊசி போடுவதற்கு முதல் நாள் சாயங்காலம் அடைக்கலம் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"சார், ஒரு சந்தேகம். எங்க மாடுக கட்டுத்தறியில நிக்கிறது. கிடேரி மட்டுந்தான் மந்தைக்குப் போகும். மத்ததுக்கும் ஊசி உண்டுங்களா?"

"மந்தை மாட்டுக்குத்தான்."

"அப்ப நாளைக்கு லோடு ஏத்தலாம்ல?"

"தாராளமா."

அவருக்குச் சந்தோஷம். ஆனாலும் போகாமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"இல்லங்க, வீட்டுல வள்ளிக்கண்ணு ஒத்தைக் காலுல நிக்குது. எல்லாத்துக்கும் போட்டாத்தான் ஆச்சு, செவலைக்குப் போடாம வண்டியைப் பூட்ட விட மாட்டேங்குது. போயி நல்லாக் கேட்டுட்டு வாங்கன்னு வெரட்டிருச்சு. நீங்களே ஒரு வார்த்தை அதுகிட்டச் சொல்லிருங்களேன். நான் சொன்னா, வண்டி ஓட்டணும்னு பொய் சொல்றேங்கும்."

நான் அப்போது சட்டைக்குப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் டாக்டர் வருகிறார் என்று வெள்ளைச் சட்டை. "நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க, போதும்" என்றேன்.

"சரிங்க" என்று போனார்.

டாக்டர் விடிந்ததும் ஜீப்பில் வந்தார். ஐஸ் போட்ட பிளாஸ்கில் மருந்து. கரைத்த மருந்து வெயிலேறினால் கெட்டுப்போகும் என்று ஒரே பரபரப்பு. மந்தையில் மூங்கில் கட்டி மாடுகளை ஒவ்வொன்றாக விட்டார்கள். பினாயில் வாளி ஒரு பக்கம், ஊசி கொதிக்கிற ஸ்டவ் ஒரு பக்கம். டாக்டர் மழிக்காத முகத்தோடு, தூங்காத கண்ணோடு, ஒரு வார்த்தை வீணாகப் பேசாமல் குத்திக்கொண்டே போனார். அதற்கு முந்திய நாள் அவர் இருந்த ஊரில் மருந்து வருவதற்கு முன்பே நோய் வந்துவிட்டதாம்.

கண் சரியாகத் தெரியாத ஒரு கிழவர் மட்டும் மாடில்லாமல் தனியாக வந்து வரிசையில் நின்றார். "மந்தைக்கு வரச் சொல்லித் தமுக்கடிச்சீங்களே, வந்துட்டேன். கையிலயா, இடுப்புலயா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். பார், ஒரு சொல் சரியாகப் புரியவில்லை என்றால் மனிதன் எப்படிக் கோமாளி ஆகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

வெயில் ஏறுவதற்குள் வரிசை தீர்ந்துவிட்டது. கரைத்த மருந்து மிச்சம் இருந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"வேற மாடு இருக்கா? இதை இனிமே வச்சுக்க முடியாது."

நானும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன். எண்டயர் ஹெர்ட் முடிந்தது என்று. வெள்ளைச் சட்டைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்றுதான். சுற்றிலும் ஊரே நின்றுகொண்டிருந்தது. நான் தமிழில் சொல்லியிருந்தால் யாராவது ஒருத்தர், "எங்கங்க முடிஞ்சுச்சு, கொட்டில்ல நிக்கிதே" என்று சொல்லியிருப்பார். ஹெர்ட் என்றால் என்னவென்று டாக்டருக்குத் தெரியும், அதனால் அவர் நம்பினார். ஊருக்குத் தெரியாது, அதனால் வாயைத் திறக்கவில்லை. மிச்ச மருந்தைக் குழியில் ஊற்றினார்கள். மேலே பினாயிலையும் ஊற்றினார்கள். தெற்கே சாலையில் அடைக்கலத்தின் வண்டி மூட்டைகளோடு போய்க்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்துச் சாட்டையைத் தூக்கிக் காட்டினார்.

அதற்கப்புறம் சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. ஊசி போட்ட மாடுகள் தலையைத் தொங்கப் போட்டுவிட்டுத் தேறின. வெக்கை நம்மை விட்டுவிட்டுப் போய்விட்டது என்று பேச ஆரம்பித்தார்கள். ஒரு நாள் காலை நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது வள்ளிக்கண்ணு வந்தார். அதுவரை அவர் என்னிடம் நேரே பேசியதில்லை.

"சார், செவலை கண்ணுல தண்ணியா வடியுது. நேத்துலேருந்து கூளம் எடுக்கலை. கொஞ்சம் வந்து பாருங்க."

போனேன். கொட்டில் வாசலிலேயே அந்த நாற்றம் முகத்தில் அடித்தது. செவலையின் வாயிலிருந்து எச்சில் நூலாகத் தொங்கியது. அடைக்கலம் அதன் நாக்கில் மஞ்சளும் எண்ணெயும் தடவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. மயிலை இன்னும் நின்றுகொண்டிருந்தது, ஆனால் காது மடங்கியிருந்தது.

"அன்னைக்குப் போட்ட ஊசியில ஒண்ணு இருக்காதுங்களா சார்?" என்று கேட்டார் வள்ளிக்கண்ணு. "மந்தை மாட்டுக்குப் போட்டதுல மிச்சம் மீதி? நான் வேணா நடந்து போயி வாங்கிட்டு வாரேன். எங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"டாக்டருக்குச் சொல்லிட்டு வர்றேம்மா" என்று சைக்கிளை எடுத்தேன். அன்னவாசல் வரைக்கும் சரளைக்கல் ரோடு. கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. எண்டயர் என்ற சொல் அந்தச் சுற்றறிக்கையில் எதற்காக இருந்தது என்று புரிந்துவிட்டது. கூச்சமில்லாமல் சொல்லிவிடுகிறேன்: வழி முழுக்க நான் அந்தக் காளையை நினைக்கவில்லை. என் வேலையை நினைத்தேன். டாக்டர் கேட்டால் என்ன சொல்வது என்று ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே மிதித்தேன்.

டாக்டர் மத்தியானம் வந்தார். அதற்குள் இன்னும் மூன்று நாலு கொட்டில்களில் ஏர் மாடுகள் ஒழுக ஆரம்பித்திருந்தன. ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மந்தைக்கு வந்து நின்றார். ஊரும் வந்து நின்றது. எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார், இந்த முறை தமிழில்.

"எண்டயர் ஹெர்ட் முடிஞ்சதுன்னீங்க. நான் இப்பப் பாத்துட்டு வந்தது எல்லாம் என்ன? இதுல ஒண்ணுக்குக்கூட நான் ஊசி போடலை. மிச்ச மருந்தைக் கொட்டினேனே."

நான் சைக்கிளில் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"கொண்டுவரச் சொன்னோம் சார். உழவு கெட்டுப்போகும், வண்டி நின்னுபோகும்னு கொட்டில்லயே கட்டிப் போட்டுட்டாங்க."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஆனால் ஏர் வைத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர ஒன்றும் சொல்லவில்லை. உழவு நிற்காது என்று அவர்கள் சந்தோஷப்பட்டது உண்மை. அந்தச் சந்தோஷம் அப்போது அவர்கள் வாயைக் கட்டிவிட்டது. அடைக்கலம் மட்டும் ஓர் அடி முன்னால் வந்தார்.

"சார், நான் வந்து கேட்டேனுங்களே. கட்டுத்தறி மாட்டுக்கு இல்லேன்னு நீங்கதானே..."

"நான் எப்படி அப்படிச் சொல்வேன், அடைக்கலம்? சர்க்கார் உத்தரவுல எல்லா மாடும்னு இருக்கு. படிச்சுப் பாக்கிறவனுக்கு அதுகூடவா தெரியாது?"

நான் குரலை உயர்த்தவில்லை. மென்மையாகத்தான் சொன்னேன். அது இன்னும் மோசம். அவர் என்னையே பார்த்தார். கோபமில்லை அந்தப் பார்வையில். நான் ஏதோ சொல்லி முடிக்கவில்லை, மீதியைச் சொல்லப்போகிறேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. எனக்குப் பின்னால் டாக்டரின் மூச்சு கேட்டது. பிறகு அடைக்கலம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என் காதுலதான் அப்படி விழுந்துருச்சு போலருக்குங்க" என்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து வள்ளிக்கண்ணு வெளியே வந்தார். என்னை அவர் பார்க்கவே இல்லை. புருஷன் எதிரே போய் நின்றார்.

"காதுல விழுந்துச்சா, லோடுக்குப் போகணும்னு வாயில வந்துச்சா?"

"வள்ளிக்கண்ணு, நெசமா..."

"சாரு சொன்னாரு, சாரே சொன்னாருன்னு எங்கிட்டச் சத்தியம் பண்ணுனீங்களே."

அடைக்கலம் தலையைக் குனிந்துகொண்டு கொட்டில் பக்கம் நடந்தார். டாக்டர் ஏதோ திட்டிவிட்டுச் சுண்ணாம்புக்கும் குழிக்கும் ஆள் கேட்க ஆரம்பித்தார். கூட்டம் கலைந்தது.

செவலை முதலில் போயிற்று. அப்புறம் மயிலை. அப்புறம் பசு. கிடேரி மட்டும் பிழைத்தது; அது மந்தைக்குப் போகிற உருப்படி, அதற்கு ஊசி போட்டிருந்தது. ஊரில் பாதி ஏர் அந்த வருஷம் நின்றது. சாலையில் வண்டி ஓட்டினவன்தான் வெக்கையைக் கொண்டுவந்தான் என்று ஒரு பேச்சும் கிளம்பியது. அதை நான் கிளப்பவில்லை. தடுக்கவும் இல்லை. அந்த வீட்டில் வள்ளிக்கண்ணு சமைத்து வைப்பார், அடைக்கலம் சாப்பிடுவார், பேச்சு கிடையாது என்று சொன்னார்கள். சில மாதம் அப்படிப் போயிற்று. பிறகு ஒரு நாள் அடைக்கலம் ஊரில் இல்லை. என்னைப் பற்றி ஆபீசில் நல்லபடியாகவே எழுதினார்கள். ஒத்துழைக்காத ஜனங்களுக்கு நடுவில் உழைத்தவன் என்று பெயர்.

அறுபதுகளில் பதவி உயர்வோடு மணமேல்குடிப் பக்கம் மாற்றினார்கள். கட்டுமாவடியில் மீன் ஏற்றுகிற இடத்துக்கு ஒரு நாள் வேலையாகப் போயிருந்தேன். ஐஸ் உடைக்கிற சத்தம், லாரிக்காரர்களின் கத்தல், காலுக்குக் கீழே மீன் கழுவிய தண்ணீர். தலையில் கூடையோடு லாரிப் பலகையில் ஏறப்போன ஒருவர் என்னைப் பார்த்து நின்றார்.

"சேவு சாருங்களா?"

அடைக்கலம். நெஞ்செலும்பு தெரிந்தது. கூடையை இறக்கவில்லை.

"நல்லா இருக்கீங்களா சார்? பெரிய ஆபீசர் மாதிரி இருக்கீங்க."

நான் என்னமோ உளறினேன். ஊர், மழை, லாரி. அவர் கேட்டுக்கொண்டே நின்றார். கூடையிலிருந்து தண்ணீர் அவர் தோளில் சொட்டியது.

"சார், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். கோவிச்சுக்காதீங்க. அன்னைக்குச் சாயங்காலம் நீங்க மந்தை மாட்டுக்குத்தான்னு சொன்னீங்களா, சொல்லலையா? ரொம்ப வருசமா யோசிச்சு யோசிச்சு எனக்கே இப்பச் சந்தேகமாப் போச்சு."

"சொன்னேன்" என்றேன்.

அவர் கூடையை இறக்கிவைத்தார். லாரிக்காரர் கத்தினார். அவர் காதில் அது விழவில்லை.

"அப்ப என் காது நல்லாத்தான் இருந்துருக்கு" என்றார்.

திட்டுவார் என்று நின்றேன். அதற்கு நான் தயாராக இருந்தேன், ஒருவேளை அதற்காக ஏங்கவும் செய்தேன். அவர் திட்டவில்லை. லாரி ஓடுகிற காலத்தில் அந்த வண்டி எப்படியும் நின்றிருக்கும் என்றார். பிறகு சொன்னார்:

"அந்தப் பக்கம் போனா வள்ளிக்கண்ணுகிட்ட மட்டும் ஒருக்காச் சொல்லிருங்க சார். நான் சொன்னா நம்பாது. நீங்க சொன்னா நம்பும்."

"கட்டாயம் சொல்றேன்."

"சொன்னதும் ஒரு கார்டு போடுங்க. நான் கெளம்பி வாரேன்."

அடுத்த மாதம் போனேன். லீவு எடுத்துக்கொண்டு, இதற்காகவே போனேன். வள்ளிக்கண்ணு களத்தில் கடலை ஆய்ந்துகொண்டிருந்தார். கூட நாலைந்து பெண்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"வாங்க சார், வாங்க. வெயில்ல வந்துருக்கீங்களே."

வீட்டுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து மோர் கொடுத்தார். கொட்டிலில் அந்தக் கிடேரி தாயாகி இரண்டு கன்றுகளோடு நின்றது. நான் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "அடைக்கலத்தைப் பாத்தேன்" என்று ஆரம்பித்தேன்.

"அந்தப் பேச்சை விடுங்க சார்."

"இல்லம்மா, அன்னைக்கு நடந்தது..."

"அன்னைக்கு நீங்க எல்லார் முன்னாடியும் நெசத்தைச் சொன்னீங்க. இல்லேன்னா இவரு எப்பேர்ப்பட்ட ஆளுன்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சுருக்காது. புருசன் சொன்னா நம்பித்தானே ஆகணும்? அந்த வாயில்லா சீவனும் அப்படித்தான் நம்பி வண்டியில நின்னுச்சு. ஒங்களுக்கு நான் ஒரு வார்த்தை நல்லது சொல்லணும்னு நெனைச்சுக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள மாத்தலாகிப் போயிட்டீங்க."

கையெடுத்துக் கும்பிட்டார்.

திட்டியிருந்தால் சொல்லியிருப்பேன். அழுதிருந்தாலும் சொல்லியிருப்பேன். கும்பிட்டவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மோரைக் குடித்தேன். கன்றுகள் நன்றாக இருக்கின்றன என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். இன்னொரு தடவை வந்து நிதானமாகச் சொல்லலாம் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன். அப்படி ஒரு தடவை வரவில்லை. கார்டும் போடவில்லை. கட்டுமாவடி வழியாகப் போக வேண்டிய வேலைகளைக் கீழே இருப்பவர்களிடம் தள்ளிவிட்டேன்.

வெக்கை இப்போது உலகத்திலேயே கிடையாது. அடியோடு ஒழிந்துவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். எங்கள் தெரு மாட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிற இளம் டாக்டர் அதைப் புத்தகத்தில் படித்ததோடு சரி. அந்த ஊரில் மந்தையாக மேயப் போகிற மாடும் கிடையாது. அந்தப் பொட்டலில் மினிபஸ் நிற்கிறது, இரண்டு பெட்டிக்கடை, ஒரு செல்போன் டவர். அடைக்கலம் கட்டுமாவடியிலேயே போய்ச் சேர்ந்தார் என்று சொன்னார்கள். எப்போது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வள்ளிக்கண்ணு இறந்துபோன செய்தி எனக்குப் புதுக்கோட்டையில் ஒரு கல்யாணத்தில் கிடைத்தது. சொன்னவர் அந்த ஊர்க்காரர். அடுத்த பந்திக்கு இடம் பிடிக்கிற அவசரத்தில், "அந்தச் செவலைக்காரம்மாவும் போயிருச்சுல்ல சார், ஒங்களைப் பத்தி எப்பவும் நல்லபடியாச் சொல்லும்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. இனிமேல் சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதி. அந்த நிம்மதியோடு போய்ப் பந்தியில் உட்கார்ந்து, இலையில் வைத்ததையெல்லாம் சாப்பிட்டேன்.